அஞ்சனக்கல் என்று நான் சொன்னது

மகள் பிறப்பதற்கு ஏறக்குறைய ஒரு வருடம் முன்பு குவாரியிலிருந்து ஒரு கல்லை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். தேங்காய் மூடி அளவுதான் இருக்கும். ஆனால் அந்த அளவுக்கு வேறெந்தக் கல்லும் அப்படிக் கனக்காது. சாப்பாட்டுப் பையில் டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் அதை வைத்துக்கொண்டு பைக்கில் தச்சநல்லூர் வந்து சேர்ந்தேன். பையின் ஒரு காது வழியிலேயே அறுந்துவிட்டது. அதை அன்றைக்கே குழியில் வீசிவிட்டு வந்திருக்கலாம். இந்த வாக்கியத்தை எத்தனை முறை எனக்குள் சொல்லிப் பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை.

நான் சுண்ணாம்புக்கல் குவாரியில் வேலை பார்க்கும் ஜியாலஜிஸ்ட். சொந்தக்காரர்கள் "கல்லு இன்ஜினியர்" என்பார்கள். திருத்தித் திருத்தி அலுத்துப்போய் நானும் தலையாட்டப் பழகிவிட்டேன். துளை போட்டு எடுக்கும் கல்தண்டுகளை மரப்பெட்டியில் வரிசையாக அடுக்கி, எந்த அடுக்கு சூளைக்குப் போகலாம், எது போகக் கூடாது என்று குறித்துக் கொடுப்பது என் வேலை. கையில் ஒரு சுத்தியல், ஒரு லென்ஸ், சொட்டுக் குப்பியில் நீர்த்த அமிலம். வெள்ளைக் கல்லில் ஒரு சொட்டு விட்டால் சோடா மாதிரிப் பொங்கும். பழுப்புக் கல்லில் விட்டால் சும்மா கிடக்கும். கத்தியால் சுரண்டிப் பொடியாக்கி விட்டால்தான் அது மெல்ல நுரைக்கும். இரண்டும் சுண்ணாம்பு இனம்தான், பழுப்பில் மக்னீசியம் கூடுதல்.

அந்தச் சின்ன வித்தியாசத்தைச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. எங்கள் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் எப்போதோ கடலில் படிந்தது. பிறகு பூமிக்கு அடியில் போய் வெந்து நசுங்கிப் பளிங்கானது. நசுங்கும்போது வெள்ளைக் கல் பிசைந்த மாவு மாதிரி வளைந்து கொடுக்கும், விரிசல் விட்டாலும் தானே மூடிக்கொள்ளும். பழுப்புக் கல்லுக்கு அந்தக் குணம் கிடையாது. வளையத் தெரியாமல் உடைந்து, சில்லு சில்லாக இடைவெளி விட்டு நிற்கும். ஆழத்திலிருந்து உலோகத்தைக் கரைத்துக்கொண்டு ஏறிவரும் சுடுநீருக்கு அந்த உடைசல்தான் பாதை. வருவது புளித்த நீர், அதாவது அமிலம் கலந்தது. சுண்ணாம்பு அதன் புளிப்பை முறித்துவிடும், முறிக்கும்போது தானும் கொஞ்சம் கரைந்து இடம் விடும். புளிப்புப் போன நீரால் சுமந்துவந்ததை மேற்கொண்டு தூக்க முடியாது, அங்கேயே இறக்கி வைத்துவிடும். ஆகவே உலோகம் எங்கே குடியேறும் என்பது உலோகத்தின் கையில் மட்டும் இல்லை. கல் எங்கே உடைகிறது, எங்கே கரைகிறது, எவ்வளவு இடம் கொடுக்கிறது என்பதைப் பொறுத்தது. இதை நான் கல்லூரியில் பரீட்சைக்காக மனப்பாடம் செய்தேன். வீட்டில் வைத்து அர்த்தம் புரியும் என்று நினைக்கவில்லை.

அன்றைக்கு வெடி வைத்து முடித்ததும், வெடி வைக்கும் அண்ணாச்சி மேட்டிலிருந்து கூப்பிட்டார்.

"சார், இங்கன வாங்க. வெள்ளி கெடக்கு!"

ஓடிப்போய்ப் பார்த்தேன். இரண்டு வெள்ளை அடுக்குகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு நொறுங்கிக் கிடந்த ஒரு பழுப்புப் பட்டை. அதன் இடுக்குகளில் கறுப்பு வெள்ளியாக மினுங்கிக்கொண்டிருந்தது கலீனா. ஈயமும் கந்தகமும் சேர்ந்த தாது. சுத்தியலால் லேசாகத் தட்டினால் கட்டம் கட்டமாக, படிக்கட்டு மாதிரி உடையும். உடைந்த முகம் கண்ணாடி போலப் பளபளக்கும். வெள்ளி இல்லை அண்ணாச்சி, ஈயம் என்றேன். அவருக்கு முகம் விழுந்துவிட்டது. அகழ்ந்து விற்கும் அளவுக்கு அங்கே ஒன்றும் இல்லை, இரண்டு மூன்று கூடை தேறும், அவ்வளவுதான். ஈயம் சூளைக்குள் போகக் கூடாது என்பதால் அந்தப் பட்டையைத் தனியாக ஒதுக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். சூளைக்குப் போகக் கூடாது என்று கையெழுத்துப் போட்டவன்தான் அதில் ஒரு துண்டை வீட்டுக்குத் தூக்கிவந்தேன்.

அதைக் கூடத்து ஷோகேஸில் வைத்துப் படம் எடுத்து எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். எனக்கு ஒரு கோணல் உண்டு. எந்தக் கல்லுக்கும் தமிழில் பழைய பெயர் தேடிச் சொல்லிப் பெருமை அடித்துக்கொள்வேன். "அஞ்சனக்கல். அந்தக் காலத்தில் இதை அரைத்துத்தான் கண்ணுக்கு மை தீட்டினார்கள். நம் குவாரியில் கிடைத்தது" என்று எழுதினேன். அஞ்சனக்கல் என்று வைத்திய நூல்களில் சொல்வது வேறொரு உலோகத்தின் கல், கடைகளில் அந்தப் பெயரில் பல நேரம் கலீனாவைத் தள்ளிவிடுகிறார்கள், அது ஈயம், விஷம் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அந்த இரண்டு வரியைச் சேர்த்தால் படத்தின் அழகு கெட்டுவிடும் என்று விட்டுவிட்டேன். பதினேழு பேர் கை கூப்பியும் இதயம் போட்டும் பதில் அனுப்பியிருந்தார்கள். அவர்களில் அக்காவும் ஒருத்தி.

அக்கா சீவலப்பேரியில் இருக்கிறாள். என்னைவிடப் பதினோரு வயது மூத்தவள். அத்தானுக்கு நெல் வயல். இரண்டு பையன்களும் வேலைக்காக வெளியூர் போய்விட்டார்கள். எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. பிறந்த குழந்தைக்கு முதல் மை அத்தைதான் இட வேண்டும், அதையும் அவள் கையால் செய்து கொண்டுவர வேண்டும். கடை மை ஆகாது. அத்தை மை என்றே பெயர். அக்காவுக்கு மை இட ஒரு மருமகள் வேண்டும் என்று வெகுநாள் ஏக்கம். தம்பி மகள் அவளுக்கு மருமகள்தானே.

என் மனைவிக்கு ஐந்தாம் மாதம் நடக்கும்போது அக்கா, அவளுக்கு மைனி, வந்து ஒரு வாரம் தங்கினாள். ஒரு சாயங்காலம் ஷோகேஸ் முன்னால் நின்றுகொண்டு கேட்டாள்.

"ஏலே, அஞ்சனக்கல்லுன்னு போட்டியே, இதுதானா?"

"ஆமாக்கா."

"கண்ணுக்குக் குளிர்ச்சியோ?"

"ராணிமாரெல்லாம் இதைத்தான் போட்டிருக்காவ" என்றேன். டிவியில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மகள் பிறந்த பதினாறாம் நாள், அக்கா ஒரு பித்தளைச் சிமிழோடு வந்து இறங்கினாள். கரிசலாங்கண்ணிச் சாற்றில் துணியை நனைத்துக் காயவைத்துத் திரி திரித்து, விளக்கெண்ணெய் ஊற்றி எரித்து, மேலே கவிழ்த்த தட்டில் படிந்த கரியை வழித்து எடுத்த மை. குழந்தையின் கண்ணோரத்தில் இட்டாள், புருவத்தில் தீட்டினாள், கன்னத்திலும் உள்ளங்காலிலும் பொட்டு வைத்தாள். நல்ல மை என்று எல்லோரும் சொன்னார்கள். மினுமினுவென்று இருந்தது. நானும் சொன்னேன். "என்னக்கா, கடை மை எல்லாம் தோத்துப்போச்சே" என்று கேலி செய்தேன். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

முதல் மூன்று மாதம் குழந்தை சாதுவாக இருந்தாள். பிறகு அழ ஆரம்பித்தாள். பசி அழுகை மாதிரி இல்லை. தூக்கினாலும் அழுவாள், கிடத்தினாலும் அழுவாள். பாலை இரண்டு வாய் குடித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நான்கைந்து நாளைக்கு ஒருமுறைதான் வயிறு போகும். வாயு என்றார்கள். ஓம வாட்டர் கொடுத்துப் பார்த்தோம். முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. இரும்புச் சத்து குறைவு என்று சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்கள்.

எதிர்வீட்டு அம்மா பார்த்துவிட்டு, "பிள்ளைக்குக் கண்ணு பட்டிருக்கு, பொட்டைப் பெருசா வைங்க" என்றார். பெரிதாக வைத்தோம். அக்காவுக்குச் செய்தி போனது. வெள்ளிக்கிழமை தவறாமல் டவுன் பஸ்ஸில் புது மையோடு வந்தாள். கண்ணேறு கழிய வேண்டும் என்று இமைக்குள்ளும் இழுத்து இட்டாள். குழந்தை தலையை ஆட்டிக்கொண்டு கத்துவாள். ஆட்டாமல் இருக்க, அந்தத் தலையை என் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் அழுத்திப் பிடித்துக்கொண்டது நான்தான். கண்ணைக் கசக்குவாள், கசக்கிய விரலைச் சூப்புவாள். சூப்பினால் பல் வரப்போகிறது என்று சந்தோஷப்பட்டோம்.

ஏழு மாதம் முடிந்தும் அவள் உட்காரவில்லை. உட்காரவைத்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுவாள். ஏதோ சரியில்லை என்று எனக்குப் பட்டது. யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் நிஜமாகிவிடும் என்று பயம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஷோகேஸைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கல்லை எடுத்துப் பின்பக்கம் திருப்பினேன். முன்பக்கம் ஒன்றரை வருடத்தில் மங்கி, சாம்பல் பூத்துக் கிடந்தது. பின்பக்கம் கண்ணாடி. படிப்படியாக, கட்டம் கட்டமாக, அப்போதுதான் உடைத்ததுபோல. கலீனாவின் முகம் எத்தனை நாளில் எப்படி மங்கும் என்று எனக்குத் தெரியும். அந்த முகங்களில் சில புதிது, சில அதற்கும் முந்தியவை. யாரோ பலமுறை வந்து தட்டி எடுத்திருக்கிறார்கள். முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது, என் கல்லைத் தொட்டது யார் என்று.

"ஏட்டி, இந்தக் கல்லை யாரு உடைச்சா?"

மனைவி குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். "மைனிதான் கொஞ்சம் கொஞ்சமா எடுத்துக்கிட்டுப் போனாவ. மைக்கு. ஏன், சொல்லலியா உங்ககிட்ட?"

குழந்தை மார்பிலிருந்து முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தாள். இமையோரத்தில் அந்த மினுமினுப்பு. தினமும் பார்த்த மினுப்புதான். கரிக்கு மினுப்பு வராது என்பதுகூட இந்தக் கல்லு இன்ஜினியருக்குத் தோன்றவில்லை. கல்லைக் கீழே வைத்தேன். பிறகு பஞ்சில் தேங்காய் எண்ணெய் தொட்டு அவள் கண்ணைத் துடைக்க ஆரம்பித்தேன். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. என்ன என்ன என்று மனைவி கேட்டுக்கொண்டே இருந்தாள். ஈயம் என்ற ஒரு சொல்தான் என் வாயில் வந்தது.

மறுநாள் பாளையங்கோட்டையில் குழந்தைகள் டாக்டரம்மாவிடம் கல்லையே கொண்டுபோய் மேஜையில் வைத்தேன். அவர் அதைக் கையில் தூக்கிப் பார்த்தார், கனத்தைக் கண்டு புருவம் உயர்ந்தது, கீழே வைத்துவிட்டுக் கையைக் கழுவினார். குழந்தைக்கு மட்டும் இல்லாமல் மனைவிக்கும் ரத்தம் எடுக்கச் சொன்னார். "அவளுக்கு எதுக்கு டாக்டர்?" என்றேன். மனைவிதான் பதில் சொன்னாள்.

"மைனி எனக்கும் ஒரு சிமிழ் கொடுத்தாவ. அஞ்சாம் மாசத்துல இருந்து போடுதேன்."

அதுவரை குழந்தைக்கு விஷம் கண் வழியாக, விரல் வழியாக வந்தது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். வயிற்றில் இருக்கும்போதே வந்திருக்கிறது. நான் முன்னாலே உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன்.

ரத்தம் வெளியூர் லேபுக்குப் போனது. முடிவு வர ஐந்து நாள். அந்த ஐந்து நாளும் வேலைக்குப் போனேன். கல்தண்டைக் கையில் எடுத்தால் வெள்ளைக்கும் பழுப்புக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இரண்டு பெட்டிகளை மாற்றிக் குறித்து வைத்து, மேலாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். முடிவு போனில் வந்தது. இரண்டு தாளிலும் எண் சிவப்பில் இருந்தது.

மறுபடி போனபோது டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார். "ரத்தத்துல இருக்கறது இறங்கிடும். மையை நிறுத்திட்டீங்க, அதுவே பெரிய மருந்து. நாம விடாம பார்த்துக்கிட்டே வருவோம். ஆனா ஒரு பங்கு ஏற்கெனவே எலும்புல போய் உட்கார்ந்திருக்கும். ஈயம் எது, சுண்ணாம்புச் சத்து எதுன்னு எலும்புக்குச் சரியா அடையாளம் தெரியாது. அதனால சுண்ணாம்புச் சத்தும் இரும்புச் சத்தும் குறையாம கொடுங்க. இடம் காலியா இருந்தாத்தானே அது இன்னும் வந்து சேரும்?"

இதைத்தானே நான் பரீட்சையில் எழுதினேன். கல் விட்ட இடத்தில் வந்து உட்காரும். அந்தப் பழுப்புப் பட்டையாவது நசுங்கி உடைந்த பிறகுதான் இடம் கொடுத்தது. என் மகள் வளர்வதற்காக எலும்பைத் திறந்து வைத்திருந்தாள். இரும்புச் சத்து குறைந்த உடம்பு இன்னும் கூடுதலாக வாங்கிக்கொள்ளுமாம். அவளிடம் இரும்பும் குறைவு.

அவர் இன்னொன்றும் சொன்னார். கடைசியாக, எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, குரலைத் தாழ்த்தி. "எலும்புல போனது வருஷக்கணக்கா தங்கும். பின்னாடி இவ பெரியவளாகி ஒரு குழந்தையைச் சுமக்கும்போது, அந்தக் குழந்தைக்காக இவ எலும்பு சுண்ணாம்பை அவிழ்த்துக் கொடுக்கும். கூடவே மிச்சம் இருக்கறதும் கொஞ்சம் வெளிய வரலாம். இப்பவே பயப்பட வேண்டாம். ஆனா அன்னைக்கு அவ டாக்டருக்கு இது தெரிஞ்சிருக்கணும்." மனைவி வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்து அழுதாள். நான் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றேன். இந்தக் கடைசி விஷயத்தை மட்டும் ஒருவரிடமும் சொல்வதில்லை என்று இரண்டு பேரும் அங்கேயே முடிவு செய்தோம்.

அன்று மதியமே சீவலப்பேரிக்குப் போனேன். அக்கா முற்றத்தில் நெல் அவித்துக்கொண்டிருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் கத்தினேன். அவள் படிப்பை, அவள் புத்தியை, அவள் மையை எல்லாவற்றையும் ஏசினேன். அத்தான் வாசலில் வந்து நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். நான் மூச்சு வாங்கி நிறுத்தும்வரை அக்கா அடுப்பைப் பார்த்தபடி நின்றாள்.

"கடையில விக்குத அஞ்சனக்கல்லு கலப்படம்னு நாட்டு மருந்துக் கடை அண்ணாச்சி சொன்னாரு. தம்பி வீட்டுல சுத்தமானது இருக்கு, அவன் படிச்சவன், தெரியாமலா சொல்லுவான்னு எடுத்தேன்" என்றாள். "நீதானலே சொன்ன."

மீதி மை எங்கே என்று கேட்டேன். சிமிழையும், கல்லைப் பொடித்த சின்ன உரலையும் கொண்டுவந்து வைத்தாள். வேறு யாருக்காவது கொடுத்தாயா என்றேன்.

"என் மருமவளுக்குன்னு செஞ்சதை ஊருக்கா குடுப்பேன்?"

எல்லாவற்றையும் பாலித்தீனில் இறுக்கிக் கட்டிக் குவாரி லேபுக்குக் கொண்டுபோனேன். வழியெல்லாம் என்னைத்தான் ஏசிக்கொண்டு போனேன், சத்தமாகவே.

மகளுக்கு இப்போது இரண்டு வயது தாண்டிவிட்டது. நடக்கிறாள். பேச்சு கொஞ்சம் பிந்தி வருகிறது. வராமலே போய்விடுமோ என்று பயந்தவர்களுக்கு அதுவே போதும். ஒவ்வொரு பரிசோதனையிலும் எண் இறங்குகிறது. மனைவிக்கும் இறங்கிவிட்டது. அக்கா எட்டு மாதம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. என் மனைவிதான் போய், மைனி வராவிட்டால் நான் சாப்பிட மாட்டேன் என்று உட்கார்ந்து கூட்டிவந்தாள். அதன் பிறகு மாதம் ஒருமுறை வருகிறாள். வந்ததும் நேரே பின்பக்கம் போய் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் குழந்தையைத் தொடுகிறாள். அப்படிக் கழுவ வேண்டாம் என்று எத்தனை முறை சொல்லியும் கேட்பதில்லை.

போன வாரம் வந்திருந்தாள். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, கேழ்வரகுக் கூழை ஸ்பூனால் ஊட்டிக்கொண்டிருந்தாள். குழந்தை "அத்த, அத்த" என்று அவள் மூக்குத்தியைப் பிடித்து இழுத்தாள்.

"ஏலே, ரத்தத்துல குறைஞ்சிட்டுன்னு சொல்லுத. மத்தது?" என்றாள் அக்கா.

"எலும்புல கொஞ்சம் இருக்கும்க்கா. பைய பைய போயிரும்."

அவள் ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு, குழந்தையின் மணிக்கட்டை இரண்டு விரலால் தடவிப் பார்த்தாள், உள்ளே இருக்கும் எலும்பைத் தேடுவதுபோல.

"இவ பிள்ளை உண்டாவுததுக்குள்ள போயிருமா?"

அவளிடம் இதை யாரும் சொல்லவில்லை. அடுக்களை வாசலில் மனைவி அப்படியே நின்றுவிட்டாள். போயிரும்க்கா என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல்லாமல், கிண்ணத்தில் சரிந்த ஸ்பூனை நிமிர்த்தி வைத்தேன். அக்கா என் முகத்தைப் பார்த்தாள். பிறகு குழந்தையை மடியிலிருந்து தூக்கி என் மனைவி கையில் கொடுத்துவிட்டு, முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு ஐந்தரை மணி டவுன் பஸ்ஸுக்குக் கிளம்பினாள். கூழ் பாதிக் கிண்ணம் அப்படியே இருந்தது.